ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாய்

சதுரங்கப் பலகையில் வெள்ளை ராணிக்கு நேர் முன்னால் ஒரு சிப்பாய் நின்றது. கறுப்பு ராஜா கோட்டை கட்டுமுன் அவரை மடக்கிவிட வேண்டும் என்று ஆட்டக்காரருக்கு அவசரம்.

"ரெண்டே கட்டம்தான், போ கண்ணு. நான் பின்னாலேயே இருக்கேன்," என்றாள் ராணி.

சிப்பாய் போனது. உடனே வெட்டுப்பட்டது. அது விட்டுப்போன வழியில் ராணி பாய்ந்தாள். அடுத்து குதிரையையும் பலி கொடுத்தார்கள். அதற்குள் கறுப்பு ராஜா கோட்டைக்குள் போய்விட்டார்.

"இன்னும் யாரைத் தரப்போறீங்க?" என்று சிரித்தது கறுப்பு யானை.

வெள்ளை தோற்றது. காய்களை மறுபடி அடுக்கினார்கள். அதே சிப்பாய், அதே கட்டம்.

"அம்மா, இந்தத் தடவையாவது பின்னாலேயே இருப்பீங்களா?"

அதற்குள் ஆட்டக்காரரின் விரல்கள் சிப்பாயின் தலையைப் பிடித்துவிட்டன.

"இருப்பேன் கண்ணு," என்றாள் ராணி.