உருவ மறந்த பிலிம்

இருபது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து கேமரா பிரித்த புருஷன் பெண்டாட்டிக்கு, தங்களை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஒரே சுருளோடு ஆயுசு முடிகிற கேமராக்கள் அவை. ஸ்டுடியோக்காரர்கள் பிலிமை உருவிக்கொண்டு வெறும் கூட்டைத் திருப்பி அனுப்புவார்கள். அவர் மேலட்டையைக் கிழித்து, துடைத்துத் தள்ளுவார். அவள் புதுச் சுருள் போட்டு மூடுவாள். அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது.

"ஊருக்கெல்லாம் கேமரா செஞ்சு குடுத்தீங்க, எங்க அக்கா மூஞ்சிய ஒரு தடவைகூட பிடிச்சு வைக்கலையே மாமா," என்று கொழுந்தியாள் வந்து அழுதாள். "ஒண்ணாவது தேடிக் குடுங்க. எனக்கு அவ முகமே மறந்துட்டு வருது."



மறுநாள் ஸ்டுடியோவிலிருந்து வந்த கூட்டுப் பெட்டியில் ஒரு கேமரா மட்டும் கனத்தது. பிலிமை உருவ மறந்திருந்தார்கள். கூட்டின் உள்பக்கம், தான் சுருள் போட்டதற்கு அடையாளமாக அவள் பென்சிலால் போடும் சின்ன வட்டம் இருந்தது. மூடியதும் விளையாட்டுக்காவது தன்னைத்தானே எடுத்திருப்பாளோ என்று ஸ்டுடியோவுக்கு ஓடினார்.

சுருள் முழுக்க இருட்டு. ஒரு படம் தேறியது. அதில் அவர் குனிந்து கேமரா துடைத்துக்கொண்டிருந்தார். போட்டிருந்தது போன மாதம் வாங்கிய சட்டை. எதிர் நாற்காலியிலிருந்து எடுத்த படம். அவளுக்குப் பிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

படத்தைக் கொழுந்தியாளிடம் கொடுத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க மட்டும்தானே இருக்கீங்க? அக்கா எங்க மாமா?"

"உங்க அக்காவ விட்டா, என் வழுக்கைய இப்படி நட்டநடுவுல வச்சு வேற யாரும்மா எடுப்பா?"