மஞ்சள் எரிந்தால் வரமாட்டாள்

பஞ்சாலைத் தூசியை ஆயுள் முழுக்கச் சுவாசித்த நஞ்சப்பனின் மார்பில் ஆஸ்பத்திரியில் மூச்சைக் கண்காணிக்கும் ஒரு வில்லையை ஒட்டியிருந்தார்கள். கட்டிய மனைவியைவிட அதற்கு அவரைப் பற்றி அதிகம் தெரியும். நுரையீரலால் மூச்சுத் திணறினால் சிவப்பாக எரியும். பயத்தால் திணறினால் மஞ்சள். மஞ்சளென்றால் அதுவே தேன் குரலில் பேசிப் பேசி அவரைத் தேற்றும்.

பூவாத்தாளுக்கு நிம்மதி. முன்பெல்லாம் அவர் திணறினால் ஓடிவந்து முதுகைத் தடவுவாள். இப்போது சமையலறையிலிருந்தே எட்டிப் பார்த்து, "மஞ்சள்தானுங்க, அது பேசிக்கும்" என்று தாளிக்கப் போய்விடுகிறாள்.

அவருடைய பயமோ நாளுக்கு நாள் பெருத்து, வீட்டில் நாற்காலி போடக்கூட இடம் விடவில்லை. ஒரு காலையில் இருப்புக்கொள்ளாமல் எழுந்தவர், எப்படியாவது சிவப்பாக்கிவிடுவதென்று மாடிப்படியில் ஓடினார். தெருவே அதிர்ந்தது, காக்கைகள் ஊரைக் காலி செய்தன. மேல்படியில் சுருண்டு விழுந்தபோது வில்லை செக்கச்செவேலென்று எரிந்து அலறியது.

பூவாத்தாள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"புத்தி கெட்டுப் போச்சுங்களா? எதுக்கு ஏறுனீங்க?"

"மஞ்சளுக்கு நீ வரமாட்டேங்கறயே."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். இரைப்பு மெல்ல மெல்ல அடங்கியது. சிவப்பு மங்கி மஞ்சளானது. நஞ்சப்பன் அவசரமாக அதை உள்ளங்கையால் மூடினார்.

"கைய எடுங்க, பாத்துட்டேன்" என்றாள் பூவாத்தாள். "கொஞ்சம் திரும்பி உக்காருங்க, அந்தப் பக்கம் எட்டல."