ஆய்வாளரின் மூக்கு

“அஞ்சடி தூரத்துல வேப் இருந்தா என் மூக்கு சொல்லிடும் மேடம். மெஷின்கூட அப்புறம்தான்.”

சுகாதார ஆய்வாளர் இதைச் சிரிக்காமல்தான் சொன்னார். வேப் எனப்படும் மின்-சிகரெட் பற்றி மாதம் ஒருமுறை இந்தப் பள்ளியில் விழிப்புணர்வு வகுப்பு எடுப்பவர். ‘ஒரு வேப் விஷயம், உடனே வாங்க’ என்று தலைமையாசிரியை போன் செய்ததும், வழக்கமான தகரப் பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

“பெட்டி எதுக்கு சார்?”

“பறிமுதல் பண்ணினதுல பத்துப் பீஸ். வகுப்புல காட்டுறதுக்கு. ஆபீஸ்ல வெச்சா கால் முளைச்சு நடந்துடுது. அதான் வீட்டுல, என் கட்டிலுக்கு அடியிலேயே வெச்சிருக்கேன். ஈ எறும்பு நெருங்காது.”

தலைமையாசிரியை இழுப்பறையிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிக் குழலை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் பையில் கிடைத்ததாம். பிள்ளை, நெஞ்சு படபடக்கிறது என்று மருத்துவ அறையில் படுத்திருக்கிறதாம்.

ஆய்வாளர் முகர்ந்து பார்த்தார். “வெளியில மாம்பழ வாசனை, உள்ள நிகோடின். படபடக்காம என்ன செய்யும்? நுரையீரல் கெட்டுப்போகும், பழக்கமும் ஒட்டிக்கும். இதை விக்கிறதே குற்றம். பிள்ளைங்க கைக்கு எட்டுற மாதிரி வெச்சவன் யாருன்னு மட்டும் தெரியட்டும், கேஸ் போட்டுடலாம்.”

“வீட்டுக்குச் சொல்லணுமே சார்.”

“சொல்லுங்க. வந்து என்ன பேசுவாங்க தெரியுமா? எல்லாருக்கும் ஒரே வசனம்.” குரலைக் குழைத்தார். “‘எங்க பிள்ளை தங்கம் மேடம். யாரோ ஃப்ரெண்டு பிடிச்சுக்கச் சொல்லிக் குடுத்திருப்பாங்க.’ அதைக் காதுலயே போட்டுக்காதீங்க.”

“அப்பாவைக் கூப்பிட்டாச்சு. வந்துட்டார்.”

ஆய்வாளர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

“அந்தக் குழலைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க சார்.”

திருப்பினார். பாதி கிழிந்த ஒட்டுத்தாளில் ‘மாதிரி 7’. அவருடைய கையெழுத்தேதான். பெட்டியைத் திறந்து எண்ணினார். ஒன்பது. விரலை வைத்து இன்னொரு தடவை எண்ணினார். அப்போதும் ஒன்பதுதான்.

பெட்டியை மெதுவாக மூடி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். மூக்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். குரல் தானாகவே குழைந்தது.

“எங்க பொண்ணு தங்கம் மேடம். யாரோ ஃப்ரெண்டு பிடிச்சுக்கச் சொல்லிக் குடுத்திருப்பாங்க.”