உடையாத அரக்கு

1799 மார்ச் 11, பிலடெல்பியா. அவருடைய கடிதத்தை எவரும் திருட்டுத்தனமாகப் படிக்கவில்லை.

அதுவே அவருடைய குறை.

பாரிசிலிருந்து வந்த பதிலைச் செனட் உறுப்பினர் மூன்றாம் முறையாகப் படித்தார்.

அமெரிக்காவும் பிரான்சும் பேச்சை முறித்துக்கொண்டு ஓராண்டு ஆகிறது. பிரெஞ்சு அமைச்சருக்கு அவர் ஒரு வரி எழுதினாலும் தேசத்துரோகம் என்பார்கள்.

பாரிசில் வாழும் பழைய நண்பருக்கு எழுதலாம்.

பாரிஸ் அஞ்சலகத்தில் அயல்நாட்டுக் கடிதங்களை ஒற்றர்கள் பிரிப்பார்கள். படியெடுப்பார்கள். அந்தப் படி அன்று மாலையே அமைச்சரின் மேசைக்குப் போய்விடும்.

அதை அறிந்தேதான் எழுதினார்.

ஆப்பிள் மரங்களைப் பற்றி ஒரு பக்கம். மூட்டுவலியைப் பற்றி அரைப் பக்கம். இடையே ஒரு பத்தி: உங்கள் பிரெஸ்ட் துறைமுகச் சிறையிலுள்ள நம் மாலுமிகள் பதினேழு பேரையும் விடுவித்தால், இங்கே பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பலைத் திருப்பித்தரச் செனட்டில் என்னால் வாக்குத் திரட்ட இயலும்.

இது இரகசியக் கடிதமென்று ஒற்றன் நம்பவேண்டுமே! அடியில் ஒரு வரி சேர்த்தார்.

‘படித்ததும் எரித்துவிடுக.’

முத்திரை அரக்கையும் எளிதில் பிரியும்படி மெல்லியதாகவே வைத்தார்.

நண்பர் எட்மண்ட் ஃபெயர்லி நாணயமான மனிதர். அவருடைய பதில் இது:

“உமது கடிதம் வருமென அறிந்து துறைமுகத்துக்கே ஆளனுப்பினேன். டென்மார்க்குக் கப்பல் தலைவரின் கையிலிருந்தே வாங்கியாயிற்று. அஞ்சலகத்தின் காற்றுகூட அதன்மேல் படவில்லை. அந்த நடுப்பத்தியை வேறு எவராவது படித்திருந்தால் உம் கதி என்ன, கிழவரே? நீர் சொன்னபடி எரித்தும்விட்டேன். நிம்மதியாக உறங்கும்.”

அதன்கீழ், இடமில்லாமல் நெருக்கி எழுதிய வரிகள்:

“பிரெஸ்ட் சிறையில் காய்ச்சல். உம்மவருள் அறுவர் இறந்தனராம். பெயர்கள் தெரியவில்லை.”

மறு கடிதம் கடலைக் கடக்க இரண்டு மாதங்கள் ஆகும்.

வாசலில் பேஷன்ஸ் காஃபின் நின்றாள். அவளுடைய கணவன் அந்தப் பதினேழு பேரில் ஒருவன்.

“பாரிசுலேருந்து காயிதம் வந்துச்சாமே, ஐயா? துறைமுகம் பூரா அதே பேச்சு. வெறுங்கையோட வரக்கூடாதுன்னு ரொட்டி சுட்டுக் கொண்டாந்திருக்கேன். நல்ல சேதிதானே?”

அவர் நாற்காலியின் கைகளைப் பற்றினார். எழ முடியவில்லை.

அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

வாசகரே, நீர் எழும். நீர் போய் அவளுக்குப் பதில் சொல்லும்.