பத்துக்கு மூன்று

சேர்ந்து வாழ்வதற்கு அவன் போட்ட விலை, பத்துக்கு மூன்று.

அவள் போட்டது இரண்டு.

இரண்டும் இப்போது மடிக்கணினித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, கல்யாண போட்டோவில் இவர்கள் நின்றதுபோல.

முடிவெடுக்க உதவும் மென்பொருள். அவள் அலுவலகத்தில் யாரிடம் சரக்கு வாங்குவது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இதில்தான். எது எவ்வளவு முக்கியம் என்று ஆளுக்கு ஆள் மறைவாக எண் போட வேண்டும். அது பெருக்கிக் கூட்டி வழி சொல்லும்.

வழிகள் மூன்று. அவள் மட்டும் சிங்கப்பூர் வேலைக்குப் போவது. இருவரும் போவது. இருவரும் ஈரோட்டிலேயே இருப்பது.

எடை போட வேண்டியவையும் மூன்று. அவளுடைய சம்பளம். அவனுடைய மஞ்சள் மண்டி. சேர்ந்து இருப்பது.

அவள் சம்பளத்துக்கு அவன் எட்டு போட்டான். பெருந்தன்மை.

அவன் மண்டிக்கு அவளும் எட்டு போட்டாள். சளைத்தவளா?

தன் தன் சொத்துக்கு ஆளுக்கு ஒன்பது. அது நியாயம்.

மூன்றாவதில்தான் வியாபார ரத்தம் வேலையைக் காட்டியது.

பிடித்த சரக்கை முதலில் தொடவே கூடாது. பக்கத்து மூட்டையை விசாரிக்க வேண்டும். கிளம்புவதுபோல நாலடி நடந்துவிட்டு, போகிற போக்கில், அது என்ன விலை என்று கேட்க வேண்டும். மண்டியில் வளர்ந்த அவனுக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. மாட்டுத் தரகர் பொங்கியண்ணனின் மகளான அவளுக்கும்தான்.

மூன்று என்றால் அவள் ஏற்றுவாள் என்று அவன் இருந்தான்.

இரண்டு என்றால் அவன் பதறுவான் என்று அவள் இருந்தாள்.

மென்பொருளுக்குப் பேரம் தெரியாது. சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டது.

அவள் மட்டும் போவது: 8.7

இருவரும் இருப்பது: 7.4

இருவரும் போவது: 6.5

கீழே ஒரு பச்சைப் பொத்தான். 'முடிவை உறுதி செய்க.'

ஐந்து மணிக்குள் சிங்கப்பூருக்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும். மணி நாலே முக்கால்.

"மூணுதானுங்களா நானு?"

"ரெண்டு போட்டவ பேசற பேச்சைப் பாரு."

"ஏத்துவீங்கன்னு பாத்தேன்."

"நானுந்தான் புள்ள."

சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

'திருத்து' என்று இன்னொரு பொத்தானும் இருந்தது. இருவர் கண்ணிலும் அது பட்டது. முதலில் கை நீட்டுகிறவருக்கு ஆசை அதிகம் என்று ஆகிவிடும்.

யாரும் நீட்டவில்லை.

நாற்காலியில் கிடந்த அவன் துண்டை எடுத்து அவள் தன் வலது கையின் மேல் போட்டாள்.

"எங்கப்பா சந்தையில பேசற மாதிரி பேசலாமுங்க. இதுக்குள்ள அந்த மிசினு எட்டிப் பாக்காது."

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்குள் கையை விட்டு எதிராளியின் விரல்களைப் பிடிப்பார்கள். எத்தனை விரலோ அத்தனை விலை. முகம் மட்டும் வேறெங்கோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

அவன் கையை உள்ளே விட்டான்.

பழக்க தோஷம். மூன்று விரலைப் பிடித்தான்.

உதறினாள்.

நான்கு.

அதற்கும் உதறல்.

ஐந்தையும் சேர்த்துப் பிடித்தான். அவள் தன் இடது கையையும் துண்டுக்குள் நுழைத்தாள். அவனும் நுழைத்தான்.

ஆறு. அவள் சன்னல் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு. அவன் மின்விசிறியில் இருந்த ஒட்டடையை அப்போதுதான் கவனித்தான்.

எட்டில் அவள் கை வியர்த்திருந்தது. அல்லது அவன் கை.

ஒன்பதில் அவன் நிறுத்திக்கொண்டான்.

கேட்டதை முழுசாகக் கொடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்துவிடும். முடிந்தால் அவரவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

தரகர் மகளுக்கு அது தெரியாதா? அவள் உதறவில்லை.

மணி ஐந்தைத் தாண்டியது. பச்சைப் பொத்தான் காத்திருந்தது. அதை அழுத்த இருவரிடமும் ஒரு கைகூட மிச்சமில்லை.

வரவு ஒன்பது.

பாக்கி ஒன்று.