சிடி அண்ணனுக்கு, கீ நம்பர் தம்பிக்கு

"ப்ரோ வகைக் கீய ஹோம் வகைச் சிடியில போட்டா எப்படி ஏறும்? எதிர்த்த கடைக்காரர்கிட்ட ப்ரோ சிடி போடச் சொல்லும்மா" என்றான் டெரன்ஸ்.

சந்தனச்செல்விக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ரோட்டைத் தாண்டி இது மூன்றாவது நடை.

மூன்று மணிக்கு ஷிப்பிங் ஆபீஸ் வேலைக்கு ஆன்லைனில் டைப்பிங் டெஸ்ட். இரண்டு வருடம் அலைந்து கிடைத்த முதல் வாய்ப்பு. இன்றைக்குப் பார்த்து லேப்டாப் படுத்துவிட்டது. ஆத்தூரிலிருந்து பஸ் பிடித்து, அதை வாங்கின கடைக்கே ஓடி வந்திருக்கிறாள்.

வந்தால், ஒரு கடை இரண்டு கடையாகி நிற்கிறது!

பாஸ்கல் அண்ணன், டெரன்ஸ் தம்பி. விற்ற லேப்டாப்புக்கெல்லாம் சாஃப்ட்வேர் ஏற்றுகிற சிடியையும், அதைத் திறக்கிற கீ நம்பரையும், வாங்கினவர்கள் தொலைத்துவிடுவார்கள் என்று கடையிலேயே பத்திரமாக வைத்திருந்தார்கள். போன வருடம் ஏதோ சண்டை. பாகம் பிரித்துக் கொடுத்தது அவர்கள் அக்கா மெட்டில்டா. அதே தெருவில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள்.

சிடிப் பெட்டி அண்ணனுக்கு, கீ நம்பர் நோட்டு தம்பிக்கு! நல்ல பாகம் தனக்குத்தான் என்று இரண்டு பேரும் நமுட்டுச் சிரிப்போடு வாங்கிக்கொண்டார்கள். கருவாட்டுக்காரிக்கு என்ன தெரியும் என்று தெருவே சிரித்தது. அதற்கப்புறம் பழைய லேப்டாப் எது வந்தாலும் இருவரும் 'ஆகாது' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

செல்வி விடுகிறவளா?

"ப்ரோவா? ப்ரோவுல நாலு சிடி கிடக்கு. எந்த வருசத்துதுன்னு நோட்டப் பாத்துச் சொல்லத் தெரியாதாமா அந்தப் பயலுக்கு?" என்றான் பாஸ்கல்.

மணி ஒன்றரை.

நடு ரோட்டில் நின்று கத்தினாள் செல்வி. "இனி ஒரு அடி நடக்க மாட்டேன்! என் வேலை போச்சுன்னா ரெண்டு பேருந்தான் பொறுப்பு!"

தெருவே எட்டிப் பார்த்தது. டெரன்ஸ் நோட்டைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று எதிர்க்கடைக்கு வந்தான். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சிடியைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தான். கீ நம்பரை வாசித்தான்.

"நிறுத்திச் சொல்லுலே. அது பியா, டியா?"

"டி தாண்ணே."

சொன்ன பிறகுதான், ஒரு வருடம் கழித்துப் பேசிவிட்டோம் என்று இருவருக்கும் உறைத்தது.

"சாப்டியாலே?" என்று கேட்டான் பாஸ்கல், திரையைப் பார்த்தபடியே.

இரண்டே முக்காலுக்கு லேப்டாப் உயிர் பிடித்தது. கடையிலேயே உட்கார்ந்து டெஸ்ட்டை முடித்தாள் செல்வி. நன்றாகவே செய்திருந்தாள். ஆனாலும் கோபம் ஆறவில்லை. நேரே கருவாட்டுக் கடைக்குப் போனாள்.

"எல்லாம் உங்களாலதான்க்கா! சிடி இல்லாம கீ உதவாது, கீ இல்லாம சிடி உதவாது. விவரம் தெரியாமப் பிரிச்சி வச்சிருக்கீங்களே!"

மெட்டில்டா எதிர்ப்பக்கம் பார்த்தாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அண்ணனும் தம்பியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணு இல்லாம இன்னொண்ணு உதவாதுன்னு நல்லா விசாரிச்சுட்டுத்தாம்ளா அப்படிப் பிரிச்சேன்."