சேத்தியாத்தோப்பு ரசிகர்

"உங்க சிடி இன்னும் இருபது வேணுமாம். சேத்தியாத்தோப்புலேர்ந்து ஆளே வந்து நிக்கிறாரு" என்றாள் ஜெயராணி போனில். சிதம்பரம் கீழவீதியில் சிடி கடை வைத்திருப்பவள்.

செந்தமிழ்செல்வன் போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் பக்கம் நீட்டினான். கோவிந்தசாமி இட்லியை விண்டபடியே காதைக் கொடுத்தார்.

"முதல் பாட்டை யாரும் கேக்குறதே இல்லியாம். அந்த லைவ் ரெண்டுதான் வேணுமாம். கரும்பு போட்டவங்கல்லாம் ஆளுக்கு ஒண்ணு கேக்குறாங்களாம்" என்றாள் ஜெயராணி.

செந்தமிழ்செல்வன் என்பது அப்பா வைத்த பெயர். மேடையில் அவன் 'சென்'. அவனுடைய குழுவின் பெயர் 'ஃப்ரோசன் லேக்'. கடலூரில் உறைந்து கிடப்பது என்று பார்த்தால் துறைமுகத்தில் மீனுக்குப் போடும் ஐஸ் கட்டி ஒன்றுதான்.

அவர்கள் வாசிப்பது வெறும் ராக் இல்லை, ஆல்டர்னேட்டிவ் ராக். என்ன வித்தியாசம் என்று கேட்டால் சென் கண்ணை மூடிக்கொண்டு, "அது ஒரு வலி" என்பான். ஆர்குட்டில் பதினோரு பேர் அந்த வலியைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு கிடைக்கிற காலத்தில், ஒரே பாட்டுக்காக ஒரு சிடி போட்டார்கள். 'ஸ்நோ இன் மை ரூம்'. போனஸாக, ஒரு கல்லூரி விழா மேடையில் பதிவு செய்த இரண்டு லைவ் பாட்டுகள். அவற்றில் கிடார் கீச்சிடும், டிரம்ஸை ராபர்ட் வெளுத்து வாங்குவான், சென் பதினெட்டு விநாடி மூச்சு விடாமல் அலறுவான்.

கோவிந்தசாமி ஏற்கெனவே கெடு வைத்திருந்தார். "நம்ம சொந்தம் இல்லாத ஒருத்தன், ஒரே ஒருத்தன், இதை வாங்கி விரும்பிக் கேக்குறான்னு காட்டு. அப்புறம் நான் வாயே தொறக்கல. இல்லன்னா திங்கக்கிழமை குடிகாடு கெமிக்கல் கம்பெனில வேலைக்குப் போயி சேர்ற. சொல்லி வச்சிருக்கேன்."

"கேட்டீங்களாப்பா?" என்றான் சென், போனை வைத்துவிட்டு. "கிராமத்து ஜனங்களுக்குத்தான் எது ஒரிஜினல்னு தெரியும். ஸ்டுடியோ பாலிஷெல்லாம் அவுங்ககிட்ட எடுபடாது."

"ஞாயித்துக்கெழம போலாம்" என்றார் கோவிந்தசாமி. "என் கண்ணால பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் சென் கறுப்பு ஜெர்க்கின் போட்டுக்கொண்டு வந்தான். வடலூர் தாண்டுவதற்குள் அது நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. ஆனாலும் கழற்றவில்லை. ரசிகர் ஏமாந்துவிடக் கூடாதே.

ரசிகரின் பெயர் சடையப்பன். வெள்ளாற்றங்கரையில் மூன்று ஏக்கர் கரும்பு. வரப்பில் மூங்கில் நட்டு, அதன் உச்சியில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்.

"பாத்தீங்களா, ஓப்பன் ஏர்!" என்று அப்பாவின் காதில் கிசுகிசுத்தான் சென்.

சடையப்பன் ஓடிவந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீதான் அந்தக் கத்துற தம்பியா?"

"வோக்கல்ஸ்" என்று பணிவோடு திருத்தினான் சென்.

"பொழுது சாஞ்சா உங்க பாட்டுதான் தம்பி. விடியிற வரைக்கும் அந்த ரெண்டும்தான் மாத்தி மாத்தி ஓடும். பெரிய வாய்க்கா வரைக்கும் கேக்கும்."

கோவிந்தசாமியால் நம்ப முடியவில்லை. "ராத்திரி பூராவா? வீட்ல ஒண்ணும் சொல்றதில்லியா?"

"வீட்டுக்கு எதுக்கு சார்? கரும்புக்குத்தானே போடுறோம். நீங்களே பாருங்க, இந்த வருசம் ஒரு கழி சாஞ்சிருக்கா? போன வருசம் பாதிகூட வெட்டல. இந்த ஊர்ல எல்லார் வாயிலயும் தம்பி பேருதான்."

சென் நிமிர்ந்தான். "செடிக்கும் காது உண்டுப்பா. மியூசிக் கேட்டா நல்லா வளரும்னு ஃபாரின்ல ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க."

தாலுகா ஆபீஸில் ஊரார் நிலத்தைக் காகிதத்தில் மட்டுமே பார்த்துப் பழகியவர் கோவிந்தசாமி. ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்து நின்ற கரும்பைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றுகூட அவர் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"திங்கக்கிழமை நீ போவ வேணாம்டா" என்றார். "அவுங்ககிட்ட நான் பேசிக்கிறேன். எனக்குத்தான் ரசனை பத்தல போலிருக்கு."

சென்னுக்குக் கண் கலங்கியது. கூலிங் கிளாஸ் இருந்ததால் வெளியே தெரியவில்லை. ஜெர்க்கின் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தான். "சிடி இருந்தா குடுங்கண்ணே, கையெழுத்துப் போட்டுத் தரேன்."

சடையப்பன் சிடியை எடுக்கப் போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"கையெழுத்து கெடக்கட்டும். ஒரு சின்னக் கொறை இருக்கு தம்பி. சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சும்மா சொல்லுங்க. ரசிகர்கள் சொல்றதுதான் எங்களுக்கு உரம்" என்றான் சென், அப்பாவுக்கும் கேட்கும்படியாக.

"ரெண்டு நாளா காட்டுப்பன்னி இதுக்கு ஓட மாட்டேங்குது தம்பி, சீக்கிரமா வேற ஒண்ணு பாடிக் குடுங்க."